பழைய கருவிகளிலிருந்து கிடைக்கும் வலிய காந்தங்கள்: ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும் உரிய பாடம்

பெங்களூர் நகரில் அல்சூர் ஏரியை அடுத்துள்ள ஜோகுபாளையம், தமிழ் பேசுவோர் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதிகளுள் ஒன்றாகும். அவ்வட்டாரத்தைத் தொட்டுச் செல்லும் பழைய மெட்ராஸ் சாலைவழியே கிழக்கு நோக்கிச் செல்வோர், நாட்டின் மின்கருவித் தொழில் வளர்ந்த இடங்கள் சிலவற்றைக் கடந்தே செல்கின்றனர். 1948ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை அச்சாலையில் தூரவாணி நகரில் அமைந்தது. 1956இல் தோன்றிய புதிய அரசாங்க மின்சாரத் தொழிற்சாலை பையப்பனஹள்ளியில் மோட்டார்களையும் மின்மாற்றிகளையும் செய்துவந்தது. நகரின் வடக்கே ஜாலஹள்ளியில் 1954இல் நிறுவப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ், வால்வுகளையும் டிரான்சிஸ்டர்களையும் நாட்டுக்கு அளித்தது. அதன் பின்னர் வந்த கணிப்பொறித் தொழிலின் பெருக்கம் யாவரும் அறிந்ததே.

இவ்வாறு பெருகிய தொலைபேசிகள், வானொலிப் பெட்டிகள், ஒலிநாடாக் கருவிகள், கணிப்பொறிகள் ஆகியவை காலங்கழிந்தபின் பழைய இரும்புக் கடைகளை வந்தடைகின்றன. பெங்களூர் எஸ்.பி. சாலையில் மட்டுமன்று, எந்தச் சிற்றூரின் காயலான் கடையிலும் இவற்றைக் காணலாம். கடைக்காரர் இவற்றைச் செம்பு, அலுமினியம், இரும்பு என எடையிட்டுப் பிரிப்பார். ஆனால், அவற்றுள் பலவற்றில் பொதிந்து கிடக்கும் காந்தம், கடைக்காரருக்குச் சிறு பயனே உடையதாயினும், பள்ளிக்கூடத்துக்குப் பெரும் பயனுடையது. விலைகொடுத்து வாங்கவேண்டிய பல சோதனைச் சாதனங்களுக்கு ஈடாக அஃது உதவும். அதே காந்தம் கவனக்குறைவால் குழந்தையின் உயிருக்கும், களத்தில் எடுக்கும் அளவைக்கும், அரிய ஒலிப்பதிவுக்கும் ஊறு விளைவிக்கவும் கூடும். ஆகவே, அதனைப் பயன்படுத்தும் முறை, காக்கும் முறை ஆகிய இரண்டும் இப்பாடத்தில் விளக்கப்படுகின்றன.

எந்தக் கருவியில் எத்தகைய காந்தம்?

நிலைக்காந்தங்கள் மூன்று வகையாகப் பெரும்பாலும் கிடைக்கும்.

முதலாவது அல்னிக்கோ. அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு ஆகியவற்றின் கலவை இது. ஜப்பானியரான மிஷிமா 1931இல் கண்ட உலோகக் கலவையிலிருந்து இவ்வகை வளர்ந்தது. பழைய வால்வு வானொலியின் ஒலிபெருக்கியிலும், மின்னோட்டத்தை அளக்கும் முள்கருவிகளிலும் இதனைக் காணலாம். உலோகப் பளபளப்பு உடையது.

இரண்டாவது ஃபெரைட். இரும்பு ஆக்சைடுடன் பேரியம் அல்லது ஸ்ட்ரான்ஷியம் சேர்த்துச் சுட்டெடுத்த கரிய மட்பாண்டம் போன்றது. 1950களின் தொடக்கத்தில் வழக்குக்கு வந்தது. டிரான்சிஸ்டர் வானொலி, ஒலிநாடாக் கருவி ஆகியவற்றின் ஒலிபெருக்கிகளில் பின்புறம் தோன்றும் கரிய வளையம் இதுவே. விலை குறைவு, துருப்பிடியாது, கீழே விழுந்தால் ஓடுபோல் உடையும்.

மூன்றாவது நியோடிமியம். நியோடிமியம், இரும்பு, போரான் ஆகிய மூன்றும் சேர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் சகாவாவும், அமெரிக்காவில் குரோட் என்பாரும் தனித்தனியே இதனைக் கண்டனர். கணிப்பொறியின் வன்தட்டு, காதணி ஒலிபெருக்கி, கைப்பேசி ஆகியவற்றில் வெள்ளி நிறமான நிக்கல் பூச்சுடன் காணப்படும். ஒரே பருமனுள்ள ஃபெரைட்டுடன் ஒப்பிடின், இதில் சேமிக்கத்தக்க காந்த ஆற்றல் ஏறத்தாழப் பத்து மடங்கு ஆகும்.

நியோடிமியத்தின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவ்வுலோகம் மோனசைட் எனும் கனிமத்தில் அடங்கியுள்ளது. ஷாம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார் 1909இல் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட்டு இருத்தலைக் கண்டார். தென்னை நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலே அவருக்குத் தடயமாயிற்று. 1950இல் தோன்றிய இந்திய அருமண் நிறுவனம் அங்கு கனிமங்களைப் பிரித்தெடுக்கும் பணியை மேற்கொண்டது. அப்பணியிலும் காந்தமே துணை. மணலை வலிய காந்தங்களினிடையே செலுத்தினால், இல்மனைட் எளிதில் இழுக்கப்படும். மோனசைட் சிறிதளவே இழுக்கப்படும். சிர்க்கான் சற்றும் இழுக்கப்படாது. இவ்வேறுபாட்டைக் கொண்டே அவை பிரிக்கப்படுகின்றன.

தொடங்குமுன் கவனிக்கவேண்டியவை

பின்வரும் விதிகளை ஆசிரியர் முதலில் தாம் மனத்திற்கொண்டு, பின்னர் மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

1. நியோடிமியக் காந்தத்தைப் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கைக்கு எட்டவிடலாகாது. மணி போன்ற சிறு காந்தங்கள் இரண்டினைக் குழந்தை விழுங்கிவிடின், அவை குடலின் இருவேறு மடிப்புகளில் நின்று ஒன்றையொன்று இழுக்கும். இடையே அகப்பட்ட குடற்சுவர் நசுங்கி, குருதி ஓட்டம் நின்று, துளைபடும். முதலில் வயிற்றுவலி, வாந்தி ஆகியவையே தோன்றுமாதலால் சாதாரண அசீரணம் என்று காலந்தாழ்த்த நேரிடும். ஒரு காந்தம் காணாமற்போய், அதனைக் குழந்தை விழுங்கியிருக்கக்கூடும் என்ற ஐயம் எழினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். சோதனைக்கு முன்னும் பின்னும் காந்தங்களை எண்ணி வைத்தல் நலம்.

2. இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி உடலுள் பொருத்தப்பெற்றவர் வலிய காந்தத்தின் அண்மையில் வரலாகாது. அரை மீட்டருக்கு மேற்பட்ட தூரம் இருத்தல் வேண்டும். காந்தத்தை எவரும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாகாது.

3. இரண்டு வலிய காந்தங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொண்டுவருங்கால் விரலின் தோல் நசுங்கும், காந்தமும் சிதறும். சில்லுகள் கண்ணிற்படக்கூடும். வன்தட்டின் காந்தம் இரும்புத் தகட்டில் ஒட்டப்பட்டிருக்கும்; அதனை நெம்பிப் பெயர்க்காமல் தகட்டுடனேயே பயன்படுத்துக.

4. நியோடிமியக் காந்தத்தை அறுக்கவோ, துளையிடவோ, தீயிலிடவோ கூடாது. அதன் தூள் எளிதில் தீப்பற்றும். சாதாரண வகை 80 பாகை செல்சியஸுக்கு மேல் தன் வலிமையை இழக்கத் தொடங்கும். ஏறத்தாழ 310 பாகையில் காந்தத்தன்மை முற்றும் நீங்கும்.

5. பழைய தொலைக்காட்சிப் பெட்டி, நுண்ணலை அடுப்பு ஆகிய இரண்டையும் பள்ளியில் திறக்கலாகாது. வண்ணத் தொலைக்காட்சியின் படக்குழாய்க்கு 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் தரப்படுகிறது. மின்னிணைப்பை நீக்கியபின்னும் மின்னேற்றம் அதில் தங்கியிருக்கும். குழாய் உடைந்தால் கண்ணாடி உள்நோக்கி வெடித்துச் சிதறும். அடுப்பின் மின்தேக்கி ஆளைக் கொல்லவல்லது. காந்தம் வேண்டின், ஒலிபெருக்கியும் வன்தட்டும் போதுமானவை.

சோதனை 1: கருமணலும் காந்தக் கோடுகளும்

தேவையான பொருள்கள்: ஒலிபெருக்கி வளையம், ஆற்று மணல், வெள்ளைத் தாள், பிளாஸ்டிக் பை.

காந்தத்தைப் பிளாஸ்டிக் பையினுள் இட்டு, உலர்ந்த மணலில் புரட்டுக. கரிய நுண்துகள்கள் பையின்மேல் திரளும். காந்தத்தைப் பையிலிருந்து வெளியே எடுத்தவுடன் துகள்கள் தாமே தாளில் உதிரும். பையின்றிப் புரட்டினால், ஒட்டிய துகளை நீக்குதல் அரிது. இத்துகளில் பெரும்பங்கு மாக்னடைட் எனும் இரும்புக் கனிமம். கடையில் வாங்கும் இரும்புத்தூளுக்குப் பதிலாக இதனைப் பயன்படுத்தலாம்.

வளையத்தைத் தட்டையாக வைத்து, மேலே தாளைப் பரப்பிக் கருமணலைத் தூவி, தாளை விரலால் மெல்லத் தட்டுக. துகள்கள் கோடுகளாக அமையும். அடுத்து, வன்தட்டின் காந்தத்தைக்கொண்டு அவ்வாறே செய்க. வளையத்தில் ஒரு முகம் முழுதும் ஒரு துருவமாக இருத்தலையும், வன்தட்டுக் காந்தத்தில் ஒரே முகத்தில் இரண்டு துருவங்கள் அடுத்தடுத்து அமைந்து நடுவே கோடுகள் நெருங்கியிருத்தலையும் மாணவர் காண்பர். இவ்வமைப்புக்குக் காரணம் உண்டு. வன்தட்டில் இக்காந்தத்தின்மேல் நிற்கும் சுருளின் ஒரு பக்கத்தில் மின்னோட்டம் செல்லும் திசைக்கு மறுபக்கத்தில் எதிர்த்திசையாகும். துருவங்களும் எதிராயிருப்பதால், இரு பக்கங்களிலும் விசை ஒரே திசையில் சேர்ந்து, எழுதுமுனை தாங்கும் கையை நகர்த்துகிறது.

சோதனை 2: தூரமும் காந்த வலிமையும்

தேவையான பொருள்கள்: பாகைக் குறியிட்ட திசைகாட்டி, ஒலிபெருக்கி வளையம், அளவுகோல்.

மேசையில் இரும்பு ஆணி, கைப்பேசி முதலியவை இல்லாமற் பார்த்துக்கொள்க. திசைகாட்டியை நடுவில் வைத்து, அதன் ஊசி வடக்கு நோக்கி நிற்கட்டும். திசைகாட்டிக்கு நேர்கிழக்கே வளையத்தை விளிம்பின்மேல் நிறுத்துக. வளையத்தின் துளை திசைகாட்டியைப் பார்த்தவாறு இருக்கவேண்டும். வளையத்தைத் தொலைவிலிருந்து மெல்ல நெருங்கக் கொண்டுவருக. ஊசி 45 பாகை விலகும் இடத்தில் நிறுத்தித் தூரத்தை அளந்திடுக.

ஊசி 45 பாகை விலகின், அவ்விடத்தில் காந்தத்தின் புலமும், புவிக்காந்தத்தின் கிடைப்புலமும் சமம் என்பது பொருள். தென்னிந்தியாவில் கிடைப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. காந்தச் சமரேகை தென்கோடிக்கு அண்மையிற் செல்லுதலால் இந்நாட்டுத் தென்பகுதியில் கிடைப்புலம் மிகுதியாகவும், ஊசியின் சாய்வு குறைவாகவும் உள்ளன. அச்சமரேகைக்கு அண்மையில் உள்ளமையாலேயே தும்பா ராக்கெட் ஏவுதளத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றது.

நடுத்தர அளவுள்ள ஒரு வளையத்துக்கு 45 பாகைத் தூரம் 30 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். இப்போது வளையத்தை 60 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால் விலகல் பாதியாகும் என்று மாணவர் எதிர்பார்ப்பர். ஆனால், விலகல் ஏறத்தாழ 7 பாகையாகக் குறைந்துவிடும். காந்தத்தின் அளவை நோக்கத் தூரம் பெரிதாயிருக்குமிடத்தில், புலம் தூரத்தின் முப்படிக்கு எதிர்விகிதமாகக் குறைகிறது. தூரம் இரட்டித்தால் புலம் எட்டில் ஒரு பங்கு. எட்டில் ஒன்றைத் தொடுகோட்டு மதிப்பாகக் கொண்ட கோணம் 7.1 பாகை. மாணவர் தாமே 35, 40, 50, 60 சென்டிமீட்டர்களில் அளந்து அட்டவணை எழுதி இவ்விதியைச் சரிபார்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை இங்கே இன்றியமையாதது. வலிய காந்தத்தைத் திசைகாட்டியின்மேல் வைத்தால், ஊசியின் துருவங்களே மாறிவிடக்கூடும். அதன்பின் வடமுனை தெற்கைக் காட்டும். சோதனை முடிந்ததும் சூரியன் உதிக்கும் திசையைக்கொண்டு திசைகாட்டியைச் சரிபார்த்தபின்னரே உறையிலிட வேண்டும்.

சோதனை 3: அலுமினியத்தின் மேல் காந்தத்தின் தயக்கம்

தேவையான பொருள்கள்: வன்தட்டுக் காந்தம், கனத்த அலுமினியத் தகடு, அதே அளவுள்ள பலகை, நூல்.

பலகையைச் சாய்வாக வைத்துக் காந்தத்தை விட்டால் விரைந்து வழுக்கி விழும். அதே சாய்வில் அலுமினியத் தகட்டின்மேல் விட்டால், தேனில் இறங்குவதுபோல் மெல்ல இறங்கும். அலுமினியம் காந்தத்தால் இழுக்கப்படுவதன்று என்பதை முதலிலேயே மாணவர்க்குக் காட்டிவிடுக. பின்னர், காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பலகைக்கு மேலும் அலுமினியத்துக்கு மேலும் சிறு இடைவெளியுடன் ஊசலாட விடுக. அலுமினியத்தின்மேல் ஊசல் விரைவில் அடங்கும்.

காரணம் யாதெனில், காந்தம் நகருங்கால் உலோகத்தினுள் காந்தப் புலம் மாறுகிறது; மாறும் புலம் உலோகத்தில் சுழிப்பு மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. லென்ஸ் 1834இல் வகுத்த விதிப்படி, அம்மின்னோட்டங்கள் தம்மை உண்டாக்கிய இயக்கத்தையே எதிர்க்கும். காந்தம் நின்றால் மின்னோட்டமும் நிற்கும். ஆதலின் அது காந்தத்தை அறவே நிறுத்துவதில்லை, தாமதிக்கச் செய்கிறது.

பழைய வீட்டு மின்சார மீட்டரில் சுழலும் அலுமினியத் தட்டு இவ்விதியின்படியே வேலை செய்கிறது. செலவாகும் மின்சாரம் தட்டைச் சுழற்றுகிறது. விளிம்பில் உள்ள நிலைக்காந்தம் சுழற்சி வேகத்துக்கேற்ற தடையைத் தருகிறது. இரண்டும் சமநிலை எய்துவதால் தட்டின் வேகம் மின்சாரச் செலவுக்கு நேர்விகிதமாகிறது. இதனைக் கற்ற மாணவன், வெளியிலிருந்து காந்தம் வைத்து மீட்டரைத் தாமதிக்கச் செய்யலாமோ என்று வினவக்கூடும். மீட்டரைக் குலைத்தல் 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி திருட்டாகக் கருதப்படும் குற்றம் என்பதை ஆசிரியர் அப்போதே தெளிவுபடுத்துதல் நன்று.

வன்தட்டினுள் இருக்கும் பளபளப்பான வட்டத் தட்டையும் இச்சோதனைக்குப் பயன்படுத்தலாம். மேசைக் கணிப்பொறியின் தட்டு பெரும்பாலும் அலுமினியம். மடிக்கணிப்பொறியின் சிறிய தட்டு பெரும்பாலும் கண்ணாடி, வளைத்தால் சிதறும். ஆகவே அதனைத் தொடாது விடுக.

சோதனை 4: மின்கலமின்றிப் பேசும் தொலைபேசி

தேவையான பொருள்கள்: இரண்டு பழைய ஒலிபெருக்கிகள், 10 மீட்டர் இரட்டைக் கம்பி.

ஒலிபெருக்கிகள் இரண்டின் முனைகளையும் கம்பியால் இணைத்து, ஒன்றை அடுத்த அறையில் வைக்க. ஒருவர் ஒன்றின் அருகே உரக்கப் பேசட்டும். மற்றவர் இரண்டாவதில் காதை வைத்துக் கேட்கட்டும். அறை அமைதியாயிருப்பின் பேச்சு மெல்லக் கேட்கும். மின்கலம் எங்கும் இல்லை.

பேசுவோரின் குரல் தாள் கூம்பை அசைக்கிறது. கூம்புடன் பிணைந்த சுருள் காந்தப் புலத்தில் அசைகிறது. ஃபாரடே 1831இல் கண்ட தூண்டல் விதிப்படி சுருளில் மின்னோட்டம் எழுகிறது. அம்மின்னோட்டம் மறுமுனைச் சுருளை அதே வகையில் அசைக்க, ஒலி பிறக்கிறது. 1877இல் பெல்லின் முதல் தொலைபேசிகள் நிலைக்காந்தமும் சுருளும் கொண்டு, மின்கலமின்றியே இயங்கின. ஒரே கருவி பேசவும் கேட்கவும் பயன்படுவதை மாணவர் தம் காதால் அறிதல், சூத்திரத்தை மனப்பாடம் செய்வதினும் ஆழப்பதியும்.

சோதனை 5: ஒலிநாடா அழிதல்

தேவையான பொருள்கள்: எவருக்கும் தேவையற்றது என உறுதியான ஒலிநாடாக் காஸெட் ஒன்று, அதனை ஒலிக்கச் செய்யும் கருவி, வலிய காந்தம்.

நாடாவை முதலில் ஒலிக்கச் செய்து கேட்க. பின்னர் அதனைக் கருவியிலிருந்து வெளியே எடுத்து, காந்தத்தை அதன்மேல் தொடுமாறு மெல்ல நகர்த்துக. மீண்டும் ஒலிக்கச் செய்யின், ஓசை மங்கியோ, இடையிடையே அற்றோ, முற்றும் நீங்கியோ இருக்கும். காந்தத்தைக் கருவியின் அண்மைக்குக் கொண்டுசெல்லலாகாது. அதன் ஒலிமுனையும் காந்தமேற்று, பிற நாடாக்களையும் கெடுக்கும்.

நாடாவில் பூசப்பட்ட இரும்பு ஆக்சைடுத் துகள்களின் காந்த அமைப்பே பதிவு. சாதாரண நாடாவின் பதிவைக் கலைக்க 30 முதல் 40 மில்லிடெஸ்லா வரை போதும். நியோடிமியத்தின் முகத்தில் அதைப் பத்து மடங்கு விஞ்சிய புலம் உண்டு. ஆனால், முப்படி விதியை மறத்தலாகாது. சோதனை 2இல் கண்ட வளையத்தின் புலம் 10 சென்டிமீட்டரில் ஏறத்தாழ 1 மில்லிடெஸ்லாவே. ஆதலின், மேசையின் மறுமுனையிலுள்ள காந்தம் நாடாவை அழிக்கும் என்ற அச்சம் மிகை. நாடாவுடன் ஒரே பெட்டியில் காந்தத்தை இடுவதே ஆபத்து.

இங்கு எது அழியும், எது அழியாது என்பதைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். ஒலிநாடா, ஒளிநாடா, பழைய நெகிழ்தட்டு, சில அடையாள அட்டைகளின் கரிய காந்தப் பட்டை ஆகியவை எளிதில் கெடும். வன்தட்டின் பதிவு வலிமை மிக்கது. வெளியிலிருந்து காந்தம் வைப்பதால் பெரும்பாலும் அழிவதில்லை. ஆகவே, இரகசிய விவரங்களை அழிக்க விரும்புவோர் காந்தத்தை நம்புதல் தவறு. பென்டிரைவ், நினைவு அட்டை, வங்கி அட்டையின் பொன்னிறச் சில்லு ஆகியவை காந்தத்தைக்கொண்டு எழுதப்படுவன அல்ல. நிலைக்காந்தத்தால் அவற்றின் பதிவு கெடாது.

கிராமந்தோறும் பழைய காஸெட்டுகளில், மறைந்த பெரியோரின் தாலாட்டும் ஒப்பாரியும் தெருக்கூத்தும் பதிவாகியுள்ளன. அவற்றுள் பலவற்றுக்கு மறுபடி கிடையாது. சோதனைக்கென மாணவர் வீட்டிலிருந்து காஸெட் கொண்டுவரின், வீட்டார் அனுமதி பெற்றனரா என்று ஆசிரியர் விசாரித்து, முழுவதும் கேட்டபின்னரே பயன்படுத்தவேண்டும். மதிப்புடையது எனத் தோன்றினால், அதனைக் கணிப்பொறியில் படியெடுத்து வைத்தலே அன்றைய பாடமாகட்டும்.

சோதனை 6: சமையலறைப் பாத்திரங்கள்

எவர்சில்வர்ப் பாத்திரங்கள் சிலவற்றில் காந்தம் ஒட்டும், சிலவற்றில் ஒட்டாது. இதனைக்கொண்டு ஒன்று போலி, மற்றொன்று அசல் என்று கூறுதல் பொருந்தாது. இரண்டும் துருவேறாத எஃகே. நிக்கலோ மாங்கனீசோ போதிய அளவு சேர்ந்த எஃகில் அணுக்களின் அடுக்கு வேறாயிருத்தலால் காந்தம் ஒட்டுவதில்லை. குரோமியம் மட்டும் சேர்ந்த வகையில் ஒட்டும். ஒட்டாத பாத்திரத்திலும், தகடு மிகுதியாக வளைக்கப்பெற்ற விளிம்பில் சிறிது இழுப்பு தோன்றுவதுண்டு. மாணவர் தத்தம் வீட்டில் சோதித்து அட்டவணை எழுதி வரலாம். இதற்கு ஃபெரைட் காந்தத் துண்டே போதும். நியோடிமியத்தை வீட்டுக்கு அனுப்பலாகாது.

களப்பணியாளர்க்கு

வன எல்லை, ஏரிக்கரை, வாய்க்கால் ஆகியவற்றைத் திசைகாட்டியால் குறிக்கும் பணியாளர் இன்று தம்முடன் பல காந்தங்களைச் சுமந்தே செல்கின்றனர். கைப்பேசியின் ஒலிபெருக்கி, காந்தப் பூட்டுள்ள கைப்பேசி உறை, காதணி ஒலிபெருக்கியின் பெட்டி, வண்டியின் ஒலிபெருக்கி ஆகியவை அவற்றுள் அடங்கும். 7 பாகைப் பிழையுடன் 1 கிலோமீட்டர் நடந்தால், உரிய இடத்திலிருந்து ஏறத்தாழ 125 மீட்டர் விலகி நிற்க நேரிடும். ஒரு சிறு விவசாயியின் நிலம் முழுவதும் அவ்விடைவெளியில் அடங்கிவிடும். அரைப் பாகைப் பிழையே 9 மீட்டருக்குச் சமம்.

சோதனை 2இன் வளையத்தைப் போன்ற காந்தத்தால் நேரும் பிழை அரைப் பாகைக்குள் அடங்கவேண்டின், அது திசைகாட்டியிலிருந்து 1½ மீட்டருக்கு அப்பால் இருத்தல் வேண்டும். ஆகவே, அளவெடுக்கும் முன் கைப்பேசியையும் உறையையும் உடன் வருவோரிடம் தந்து, இரண்டு மீட்டர் விலகி நிற்கச் சொல்லுதல் நன்று. ஓர் இடத்திலிருந்து முன்னோக்கியும், அடுத்த இடத்திலிருந்து பின்னோக்கியும் கோணம் எடுத்து, இரண்டும் 180 பாகை வேறுபடுகின்றனவா என்று பார்த்தால், ஓரிடத்தில் மட்டும் நேரும் காந்தத் தீங்கு வெளிப்படும். பணியாளரின் சட்டைப்பையிலேயே காந்தம் இருந்தால் இச்சோதனையும் ஏமாற்றக்கூடும் என்பதை நினைவிற்கொள்க. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடையே பெங்களூர் வட்டாரத்தில் உள்ள வேறுபாடு 2 பாகைக்குட்பட்டதே. பையிலுள்ள காந்தம் தரும் பிழை இதனினும் பெரிதாயிருக்கலாம்.

இத்தகைய தொல்லை விஞ்ஞானிகளுக்கும் நேர்ந்ததுண்டு. 1841 முதல் பம்பாய்க் கொலாபாவில் புவிக்காந்தத்தை அளந்துவந்த ஆய்வுக்கூடம், நகரின் டிராம் வண்டிகள் மின்சாரத்தால் ஓடவிருந்தமையால், 1904இல் கடலுக்கு அப்பால் அலிபாக்குக்குப் பெயர்ந்தது. முன்னைய அளவைகளுக்கும் பின்னையவற்றுக்கும் தொடர்பு அறாதிருக்க, சில காலம் இரண்டிடங்களிலும் ஒருங்கே அளவெடுக்கப்பெற்றது.

அளவெடுப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டும் என்பதில்லை. வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், 1929க்குப் பின் டாக்காவிலும் கல்கத்தாவிலும், சிறு படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அவை திரும்பும் அளவைக்கொண்டு அவற்றின் அணு அமைப்பை ஆராய்ந்தார். 1947இல் அவர் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். பெங்களூருக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், 1962இல் திறக்கப்பெற்ற விசுவேசுவரய்யா தொழிற்கலைக் காட்சிச்சாலையையும் காட்டலாம். அதன் முதற்கூடம் மின்சாரத்தைப் பற்றியதாகவே 1965இல் அமைந்தது.

எஞ்சிய பொருள்கள்

காந்தத்தை எடுத்தபின் எஞ்சும் மின்சுற்றுப் பலகைகளில் ஈயமும் பிற நச்சு உலோகங்களும் உண்டு. அவற்றைக் குப்பையில் எறிதலும், செம்புக்காகக் கம்பிகளை எரித்தலும் தீது. எரியும் பிளாஸ்டிக் புகை நுரையீரலுக்கு நஞ்சு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, இவை பதிவுபெற்ற மறுசுழற்சி நிலையங்களைச் சேரவேண்டும். பள்ளிக்கு ஒரு பெட்டி வைத்து, ஆண்டுக்கொருமுறை ஒப்படைத்தல் எளிது.

எடுத்த காந்தங்களை, வடக்கும் தெற்கும் எதிரெதிராகச் சேருமாறு அமைத்து, இடையே மரத்துண்டு வைத்து, மூடியுள்ள மரப்பெட்டியில் இடுக. பெட்டியின் மேல் எண்ணிக்கையை எழுதுக. திசைகாட்டி, ஒலிநாடா ஆகியவை உள்ள அலமாரியில் அப்பெட்டி இருத்தலாகாது.

மாணவர்க்குரிய வினாக்கள்

1. ஒரு காந்தம் 20 சென்டிமீட்டரில் ஊசியை 45 பாகை விலக்குகிறது. 40 சென்டிமீட்டரில் எவ்வளவு விலக்கும்?

2. அலுமினியத் தகட்டில் நெருக்கமாகப் பல பிளவுகள் வெட்டியபின் காந்தத்தை ஊசலாட விட்டால், ஊசல் முன்னினும் விரைந்து அடங்குமா, தாமதமாக அடங்குமா? காரணம் கூறுக.

3. சோதனை 4இல் ஒலிபெருக்கியின் காந்தத்தை நீக்கிவிட்டால் பேச்சு கேட்குமா?

4. ஒலிநாடா, பென்டிரைவ், திசைகாட்டி, வங்கி அட்டையின் சில்லு ஆகியவற்றுள் காந்தத்தால் கெடக்கூடியவை எவை?

5. காந்தப் பெட்டியில் எண்ணிக்கை ஒன்று குறைகிறது. வகுப்பில் சிறு குழந்தைகள் இருந்தனர். முதலில் செய்யவேண்டுவது யாது?

ஐந்தாவது வினாவுக்குரிய விடையை மாணவர் அனைவரும் வாய்விட்டுக் கூறியபின்னரே ஆசிரியர் பெட்டியைத் திறப்பது முறையாகும்.